பிரெக்சிட் முட்டுக்கட்டை: பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எல்லாவற்றையும் மறுத்தது ஏன்?

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று வாக்களித்துவிட்டார்கள். அதன் பிறகும் 2019-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தன் முன் வந்த ஏற்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கடித்தது ஏன்? மக்கள் தீர்ப்பை உறுப்பினர்கள் திட்டமிட்டு முடக்கினார்கள் என்று சொல்வது பொருந்துமா? இதுதான் கேள்வி. பொருந்தாது என்பதே என் பதில். வெளியேற்றத்தையே நிறுத்திவிட விரும்பிய உறுப்பினர்கள் இருந்தார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் முட்டுக்கட்டையின் வேர் அவர்களிடம் இல்லை.

ஒரே ஒரு வாக்கெடுப்பின் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். வெளியேறும் நாளாக முதலில் குறிக்கப்பட்டிருந்த 2019 மார்ச் 29 அன்று பிரதமர் தெரசா மேயின் வெளியேற்ற ஒப்பந்தம் மூன்றாவது முறையாக அவைக்கு வந்தது. ஆதரவாக 286 பேரும் எதிராக 344 பேரும் வாக்களித்தனர். எதிர்த்தவர்களில் வெளியேற்றத்தை மிகத் தீவிரமாக வலியுறுத்திவந்த, மேயின் சொந்தக் கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் 28 உறுப்பினர்கள் இருந்தார்கள், அரசைத் தாங்கிப் பிடித்திருந்த வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் (டி.யூ.பி.) 10 பேரும் இருந்தார்கள். இந்த 38 பேர் மட்டும் மாற்றி வாக்களித்திருந்தால் கணக்கு 324-க்கு 306 என்று ஆகியிருக்கும். பிரிட்டன் அந்த ஆண்டு மே மாதத்திலேயே வெளியேறியிருக்கும். வெளியேற்றத்தை அன்று தடுத்த வாக்குகளில் தீர்மானகரமானவை, வெளியேற்றத்தை எவரையும்விட அதிகம் விரும்பியவர்களின் வாக்குகள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாமல் 2019-ஐப் புரிந்துகொள்ள முடியாது.

பொது வாக்கெடுப்பில் கேட்கப்பட்ட கேள்வி மிகச் சிறியது: ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? வெளியேற்றத்துக்கு 51.9 விழுக்காடும் நீடிப்புக்கு 48.1 விழுக்காடும் கிடைத்தன. வெளியேறி எங்கே போய் நிற்பது என்று எவரும் கேட்கவில்லை. நார்வே ஒன்றியத்தின் உறுப்பு நாடு அல்ல. ஆனால் பொருள்களும் சேவைகளும் ஆட்களும் பொது விதிகளின்கீழ் தடையின்றி நகரும் அதன் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது, அதனால் ஒன்றியத்தின் விதிகளில் பெரும்பகுதியையும் ஆட்களின் தடையற்ற வருகையையும் ஏற்றுக்கொள்கிறது. துருக்கி ஒற்றைச் சந்தையில் இல்லை. ஆனால் தொழிற்சாலைப் பொருள்களைப் பொறுத்தவரை ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில், அதாவது தங்களுக்குள் தீர்வை இல்லாமல் வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரே தீர்வை விதிக்கும் ஏற்பாட்டில், இணைந்திருக்கிறது. கனடா இரண்டிலும் இல்லை. வர்த்தக ஒப்பந்தம் மட்டும் வைத்திருக்கிறது. இவற்றில் எதைத் தேர்ந்தாலும் அது வெளியேற்றம்தான். 1.74 கோடிப் பேர் வெளியேற்றத்துக்கு வாக்களித்தார்கள் என்பது உறுதியான உண்மை. அவர்களில் எத்தனை பேர் எந்த வகை வெளியேற்றத்தை விரும்பினார்கள் என்பது வாக்குச்சீட்டில் எழுதப்படவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலை நாடாளுமன்றத்தின் தலையில் விழுந்தது.

அதை நிரப்ப முனைந்தபோது எல்லோரையும் தடுக்கி விழவைத்தது அயர்லாந்துத் தீவு. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீள எல்லை. அதைக் கடக்கும் சாலைகள் இருநூறுக்கும் மேல். வட அயர்லாந்து பிரிட்டனோடு நீடிப்பதா, அயர்லாந்தோடு இணைவதா என்ற மோதலில் முப்பது ஆண்டுகள் நீடித்து 3,500-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த வன்முறைக் காலத்தில் அந்த எல்லையில் ராணுவக் காவல் கோபுரங்கள் நின்றன, சுங்கச் சாவடிகள் குண்டுவீச்சுக்கு இலக்காயின, சிறு சாலைகள் பல அடைக்கப்பட்டுக் கிடந்தன. 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு இவை ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. இன்று பெல்ஃபாஸ்டிலிருந்து டப்ளினுக்குக் காரில் போகிறவருக்கு எல்லை வந்ததை உணர்த்துவது, வேகப் பலகைகள் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவது மட்டுமே.

அந்தத் தீவின் பொருளாதாரம் இந்தத் திறந்த எல்லையின் மேல்தான் பின்னப்பட்டிருக்கிறது. டப்ளினில் வடிக்கப்படும் கின்னஸ் பீர் டேங்கர் லாரிகளில் வடக்கே பெல்ஃபாஸ்டுக்குப் போய், அங்கே டப்பாக்களிலும் புட்டிகளிலும் அடைக்கப்பட்டு, மீண்டும் தெற்கே டப்ளின் துறைமுகத்துக்கு வந்து ஏற்றுமதியானது. வடக்கிலுள்ள பண்ணைகளில் கறக்கும் பாலில் பெரும் பங்கு தெற்கிலுள்ள ஆலைகளில்தான் வெண்ணெயாகவும் பாலாடைக்கட்டியாகவும் ஆகிறது. இரு பக்கமும் ஒரே சுங்க ஒன்றியத்துக்குள்ளும் ஒரே ஒற்றைச் சந்தைக்குள்ளும் இருந்ததால்தான் எந்த லாரியையும் நிறுத்திச் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கத்தின் தீர்வை விகிதமும் உணவுத் தர விதியும் மாறிவிட்டால் எங்கோ ஓரிடத்தில் சோதனை நடந்தே ஆக வேண்டும். அது அரசியல்வாதிகளின் பிடிவாதம் அல்ல, சுங்கத்தின் அடிப்படை. தெற்கே நுழையும் இறைச்சி அடுத்த நாளே பாரிசில் விற்கப்படலாம் என்பதால், அந்த வாசலைக் காவலின்றி விட ஒன்றியத்தால் முடியாது.

தெரசா மே மூன்று வாக்குறுதிகளைத் தந்திருந்தார். பிரிட்டன் ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேறும் என்று 2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் ஹவுஸ் உரையில் அறிவித்தார். அயர்லாந்து எல்லையில் சோதனைச் சாவடி திரும்ப வராது என்று சொன்னார். வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் நடுவே, கடலில், சுங்க எல்லை எழாது என்றும் சொன்னார். எந்த இரண்டை எடுத்துக்கொண்டாலும் சேர்ந்து நிற்கும். மூன்றும் ஒருசேர நிற்க வழியில்லை. சாவடியே இல்லாமல் தொழில்நுட்பத்தால் எல்லாச் சோதனையையும் செய்துவிடலாம் என்று நான்காவதாக ஒரு வழி பேசப்பட்டது. அப்படி முழுமையாக இயங்கும் எல்லை ஒன்றை உலகில் எங்கும் எவராலும் காட்ட முடியவில்லை.

மூன்றில் ஒன்றைக் கைவிடும் துணிவுக்குத் தேவையான பெரும்பான்மையும் அவரிடம் இல்லாமல் போனது. 2017 ஜூன் 8 அன்று அவர் தாமாகவே முன்கூட்டித் தேர்தல் நடத்தி, இருந்த பெரும்பான்மையை இழந்தார். பிறகு டி.யூ.பி.யின் 10 இடங்களை நம்பியே ஆட்சி நடந்தது. வட அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்திருப்பதையே கொள்கையாகக் கொண்ட அக்கட்சிக்கோ கடல் எல்லை என்பது உயிர்ப் பிரச்சினை. 2017 டிசம்பர் 4 அன்று பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜான் குளோட் யுங்கருடன் மதிய உணவில் அமர்ந்திருந்த மே, வட அயர்லாந்துக்கெனத் தனி ஏற்பாடு ஒன்றை ஏற்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். டி.யூ.பி. தலைவர் ஆர்லின் ஃபாஸ்டரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. தொலைபேசியில் பேசிய பிறகு மே பின்வாங்க வேண்டியதாயிற்று. நான்கு நாள் கழித்து வெளியான கூட்டறிக்கையில் மூன்று வாக்குறுதிகளும் அருகருகே எழுதப்பட்டன. அந்த அறிக்கை சிக்கலைத் தீர்க்கவில்லை. அதைக் காகிதத்தில் மடித்து அடுத்த ஆண்டுக்குத் தள்ளியது.

2018 நவம்பரில் வெளியான 585 பக்க ஒப்பந்த வரைவில் அது வெளிப்பட்டது. எதிர்கால வர்த்தக உறவு ஒன்று அமைந்து எல்லைச் சிக்கலைத் தீர்க்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும். வட அயர்லாந்து கூடுதலாகச் சில ஒற்றைச் சந்தை விதிகளையும் பின்பற்றும். இதுதான் ‘பேக்ஸ்டாப்’ என்று பேசப்பட்ட காப்பு ஏற்பாடு. இதிலிருந்து பிரிட்டன் தன்னிச்சையாக விலக முடியாது. இரு தரப்பும் ஒப்ப வேண்டும். வெளியேற்றத் தீவிரர்களின் அச்சம் இந்த இடத்தில்தான் இருந்தது. ஒன்றியத்தைவிட்டு விலகியும், அதன் விதிகளை வகுக்கும் மேசையில் இடமில்லாமல், என்றென்றைக்குமாக அதன் சுங்க எல்லைக்குள் சிக்கிக்கொள்வோம் என்று அவர்கள் கருதினார்கள். அந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அரசின் தலைமை வழக்கறிஞர் ஜெஃப்ரி காக்ஸே 2019 மார்ச் 12 அன்று, கடைசி நேரத்தில் பெற்ற உறுதிமொழிகளுக்குப் பிறகும் அந்தச் சட்ட அபாயம் மாறவில்லை என்று எழுத்தில் கூறினார். அன்று மாலை ஒப்பந்தம் இரண்டாம் முறை 391-க்கு 242 என்று தோற்றது. முதல் முறை, ஜனவரி 15 அன்று, 432-க்கு 202 என்று தோற்றிருந்தது. 230 வாக்கு வித்தியாசம் நவீன பிரிட்டிஷ் வரலாற்றில் எந்த அரசும் கண்டிராத தோல்வி. 118 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பிரதமரையே எதிர்த்து வாக்களித்தார்கள்.

இவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகும் ஆட்சி கவிழவில்லை என்பது நம் வாசகர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஜனவரி 16 அன்று வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில், முந்தைய நாள் பிரதமரைத் தோற்கடித்த அதே கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களும் டி.யூ.பி.யும் அவரைக் காப்பாற்றினார்கள்; தீர்மானம் 325-க்கு 306 என்று தோற்றது. முன்பெல்லாம் முக்கியமான மசோதா ஒன்றையே நம்பிக்கை வாக்காக அறிவித்து, தோற்றால் தேர்தல் என்று பிரதமர் மிரட்ட முடிந்தது. 2011-இல் வந்த நிலையான பதவிக்காலச் சட்டம் அந்த ஆயுதத்தைப் பறித்துவிட்டது. முன்கூட்டித் தேர்தல் நடத்த மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு தேவை என்று அச்சட்டம் கூறியது. இந்தியாவில் உள்ளதுபோன்ற கட்சித் தாவல் தடைச் சட்டமும் அங்கே கிடையாது. கொறடா உத்தரவை மீறுகிறவர் கட்சிக்குள் இடமிழக்கலாம், அவையில் இடமிழப்பதில்லை. இதனால் சட்டமியற்ற முடியாத, ஆனால் அகற்றவும் முடியாத ஓர் அரசு பல மாதங்கள் நீடித்தது.

இனி மற்றவர்களின் கணக்கு. அவையில் அப்போது, சற்றே எளிமைப்படுத்திச் சொன்னால், நான்கு விருப்பங்கள் இருந்தன: மேயின் ஒப்பந்தம், ஒப்பந்தமே இல்லாத வெளியேற்றம், சுங்க ஒன்றியத்தையோ ஒற்றைச் சந்தையையோ தக்கவைக்கும் மென்மையான வெளியேற்றம், மறு வாக்கெடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். எதற்கும் பெரும்பான்மை இல்லை. ஒவ்வொரு குழுவும் மற்றவற்றைத் தோற்கடித்துவிட்டால் கடைசியில் தன்னுடையது மட்டுமே எஞ்சும் என்று நம்பியது. கடிகாரம் ஓடி முடிந்தால் ஒப்பந்தமில்லா வெளியேற்றம் தானாகவே வந்துவிடும் என்று தீவிரர்கள் காத்திருந்தார்கள். அதே கடிகாரத்தின் அச்சத்தால் மறு வாக்கெடுப்பு வரும் என்று எதிர்முனையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். தொழிற்கட்சித் தலைமையோ தேர்தல் வரும் என்று காத்திருந்தது. இந்த மூன்றாவது காத்திருப்பைத்தான் நான் கடுமையாகக் குறை சொல்வேன். எண்ணிக்கையில் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக இருந்தும், எந்த வகை வெளியேற்றத்தை உறுதியாக ஆதரிக்கிறோம் என்று அது கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை.

இது வெளிப்படையாகப் பதிவான நாள்கள் இரண்டு. கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஆலிவர் லெட்வின் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, அவையின் நிகழ்ச்சி நிரலை அரசின் கையிலிருந்து உறுப்பினர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரசே நிகழ்ச்சி நிரலை வகுக்கும் வழக்கம் ஊறிப்போன ஒரு நாடாளுமன்றத்தில் இது சாதாரணச் செயல் அல்ல. மார்ச் 27 அன்று எட்டு யோசனைகள் ஒரே நேரத்தில் முன்வைக்கப்பட்டன. பொதுவாக அந்த அவையில் மணி ஒலித்ததும் எட்டு நிமிடத்துக்குள் உறுப்பினர்கள் ஆதரவுக் கூடத்திலோ எதிர்ப்புக் கூடத்திலோ நுழைந்து நடந்து போக வேண்டும். பிறகு கதவுகள் மூடப்படும், தலைகள் எண்ணப்படும். அன்றோ காகித வாக்குச்சீட்டு தரப்பட்டது. எட்டும் தோற்றன. சுங்க ஒன்றிய யோசனை 265-க்கு 271 என்று தோற்றது. ஏப்ரல் 1 அன்று மீண்டும் முயன்றபோது அதே யோசனை 273-க்கு 276 என்று, மூன்றே வாக்கில் தோற்றது. மறு வாக்கெடுப்பு 280-க்கு 292 என்று தோற்றது. மறு வாக்கெடுப்பை விரும்பியவர்களில் சிலர் சுங்க ஒன்றியத்துக்குக் கைகொடுத்திருந்தால் அது வென்றிருக்கும், அவர்கள் கொடுக்கவில்லை. ஒற்றைச் சந்தை யோசனைக்காக உழைத்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர் நிக் போல்ஸ் அன்றிரவே எழுந்து, தன் கட்சி சமரசம் செய்ய மறுத்துவிட்டது என்று கூறிக் கட்சியைவிட்டு விலகுவதாக அறிவித்தார். அந்த வாரத்திலேயே, இத்தகைய வாக்கெடுப்பை மேலும் ஒரு சுற்று நடத்தக் கோரிய தீர்மானத்தில் 310-க்கு 310 என்று வாக்குகள் சமமாகின. சபாநாயகர் ஜான் பெர்கோ மரபைப் பின்பற்றித் தன் வாக்கை எதிர்ப்பக்கம் அளித்தார். அதே நாளில், கால நீட்டிப்புக் கேட்குமாறு பிரதமரைக் கட்டாயப்படுத்தும் மசோதா 313-க்கு 312 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது.

நீட்டிப்பு அக்டோபர் 31 வரை கிடைத்தது. மே பதவி விலகினார். ஜூலை 24 அன்று போரிஸ் ஜான்சன் வந்தார். செப்டம்பரில் நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும்: ஒப்பந்தமில்லா வெளியேற்றத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு வழிவிட்ட 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களை ஜான்சன் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கினார், முன்னாள் நிதியமைச்சர்கள் கென் கிளார்க்கும் ஃபிலிப் ஹாமண்டும் அவர்களில் அடக்கம். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்க அரசிக்கு அவர் அளித்த ஆலோசனை சட்டவிரோதமானது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் செப்டம்பர் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எழுதப்பட்ட ஒற்றை அரசியல் சாசனம் இல்லாத ஒரு நாட்டில் நீதிமன்றம் இப்படி ஒரு பிரதமரை நிறுத்தியது மிக முக்கியமான நிகழ்வு என்று நான் கருதுகிறேன். ஆனால் முட்டுக்கட்டையை அது உடைக்கவில்லை. உடைத்தது வேறு.

அக்டோபர் 10 அன்று லிவர்பூலுக்கு அருகே விர்ரல் பகுதியில் ஜான்சன் அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கரைச் சந்தித்தார். ஒரு வாரத்தில் புதிய ஒப்பந்தம் உருவானது. அதில் மூன்று வாக்குறுதிகளில் ஒன்று கைவிடப்பட்டிருந்தது: சோதனைகள் அயர்லாந்துக் கடலுக்கு, பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே, நகர்த்தப்பட்டன. அதற்கு ஓராண்டுக்கு முன் பெல்ஃபாஸ்டில் டி.யூ.பி. மாநாட்டு மேடையில் நின்று, எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் இப்படி ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திட முடியாது என்று பேசியவர் இதே ஜான்சன்தான். டி.யூ.பி. எதிர்த்தது. ஆனால் 28 தீவிரர்களுக்கு இப்போது தடையில்லை. பிரிட்டனின் பெரும்பகுதி சுங்க ஒன்றியத்திலிருந்து விடுபட்டுவிட்டது.

அடுத்து நடந்ததுதான் கேள்வியில் உள்ள குற்றச்சாட்டுக்கு நேரான மறுப்பு. அக்டோபர் 22 அன்று இந்த ஒப்பந்தத்துக்கான மசோதாவை, முடக்கிகள் என்று தூற்றப்பட்ட அதே நாடாளுமன்றம், மசோதாவைக் கொள்கை அளவில் ஏற்பதா என்று தீர்மானிக்கும் இரண்டாம் வாசிப்பில் 329-க்கு 299 என்று ஏற்றது. தொழிற்கட்சியின் 19 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். அவை மறுத்தது, நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட மசோதாவை மூன்றே நாளில் விவாதித்து முடிக்க வேண்டும் என்ற கால அட்டவணையை மட்டுமே (322-க்கு 308). கூடுதலாகச் சில வாரம் கொடுத்திருந்தால் அந்த அவையிலேயே மசோதா நிறைவேறியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஜான்சன் தேர்தலைத் தேர்ந்தார். டிசம்பர் 12 அன்று 365 இடங்களை வென்றார். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது.

நாடாளுமன்றத்தின் மீது எனக்கு உள்ள குறை 2019-ஐப் பற்றியது அல்ல, 2017-ஐப் பற்றியது. அரசு தன்னிச்சையாக வெளியேற்ற அறிவிப்பைக் கொடுக்க முடியாது, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24 அன்று தீர்ப்பளித்து, உறுப்பினர்களின் கையில் பெரிய அதிகாரத்தைத் தந்தது. அறிவிப்புக் கொடுத்த நொடியிலிருந்து இரண்டு ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும், அதை நீட்டிக்க மற்ற 27 நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தின் 50-ஆம் பிரிவில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எந்த வகை வெளியேற்றம், அயர்லாந்து எல்லையை என்ன செய்வது என்று அரசிடம் கேட்டு, விடை வரும்வரை ஒப்புதலை நிறுத்திவைத்திருக்கலாம். எந்த நிபந்தனையும் இல்லாமல், பிப்ரவரி 1 அன்று இரண்டாம் வாசிப்பில் 498-க்கு 114 என்று அனுமதி கொடுத்தார்கள். அன்று கேட்கத் தவறிய கேள்விகளைத்தான் 2019-இல் ஒவ்வொரு இரவும் வாக்கெடுப்புக் கூடங்களில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கைவிடப்பட்ட அந்த மூன்றாவது வாக்குறுதியின் விலை வட அயர்லாந்தில் விழுந்தது. லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் பிரிட்டனின் மற்றப் பகுதிகளிலிருந்து வரும் உணவுப் பொருள்களுக்குச் சோதனைகள் வந்தன. அதை எதிர்த்து டி.யூ.பி. 2022 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்டின் கூட்டு அரசிலிருந்து விலகியதால், வட அயர்லாந்தின் சட்டமன்றமும் ஆட்சியும் முடங்கின. அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் 2023 பிப்ரவரியில் ஒன்றியத்தோடு எட்டிய வின்ட்சர் உடன்பாடு சோதனைகளைக் குறைத்தது. கடல் எல்லையை நீக்கவில்லை. 2024 பிப்ரவரி 3 அன்றுதான் அங்கே ஆட்சி மீண்டும் அமைந்தது. லண்டனில் 2019-இல் தீர்ந்ததாக அறிவிக்கப்பட்ட முட்டுக்கட்டை, பெல்ஃபாஸ்டில் 2024 வரை வேறு பெயரில் நீடித்தது.